ஊரடங்கு தொடங்கியது எந்தத் தேதி?

கேள்வி சுருக்கமாக இதுதான். வீட்டில் ஒரு தகராறு. தமிழ்நாட்டில் கொரோனா ஊரடங்கு தொடங்கியது 2020 மார்ச் 22 என்கிறார் அப்பா. இல்லை, 24-ஆம் தேதி மாலை என்கிறார் மகள். இணையத்தில் தேடினால் 25 என்று வருகிறது. இதற்கிடையில் சித்தப்பா நுழைந்து, “எந்தத் தேதியாக இருந்தால் என்ன? ஊரடங்கால் ஒன்றும் குறையவில்லை. 2021-இல் ஊரடங்கு போட்டு மூன்று நாள் முடிவதற்குள் சென்னையில் எண்ணிக்கை இறங்க ஆரம்பித்துவிட்டது. மூன்று நாளிலா அது வேலை செய்யும்? தானாக இறங்கியது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். இவர்களில் யார் சொல்வது சரி?

சித்தப்பா கணக்கில் கெட்டிக்காரர். அவரைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

முதலில் தேதி. தமிழ்நாட்டில் முதல் தொற்று உறுதியானது 2020 மார்ச் 7-ஆம் தேதி. ஓமனிலிருந்து காஞ்சிபுரம் திரும்பிய ஒருவருக்கு. அடுத்த இரண்டு வாரத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 17-ஆம் தேதி முதல் பள்ளி, கல்லூரி, திரையரங்கு, வணிக வளாகங்கள் மூடல். 21-ஆம் தேதி கேரளம், கர்நாடகம், ஆந்திர எல்லைகளில் அத்தியாவசிய வாகனங்கள் தவிர மற்றவற்றுக்குத் தடை. 22 ஞாயிற்றுக்கிழமை, காலை 7 முதல் இரவு 9 வரை பிரதமர் கேட்டுக்கொண்ட ‘மக்கள் ஊரடங்கு’. அது வேண்டுகோள்தான், உத்தரவு அல்ல. ஆனால் தமிழக அரசு அதை மறுநாள் காலை 5 மணி வரை நீட்டித்தது. அதே ஞாயிறன்று பயணிகள் ரயில்கள் மார்ச் 31 வரை ரத்து செய்யப்பட்டன. நாடு முழுவதும் முடக்கப்பட வேண்டிய 75 மாவட்டங்களின் பட்டியலும் அன்றுதான் வந்தது. அதில் சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு மூன்றும் இருந்தன. 23 திங்களன்று சட்டப்பேரவையில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி, மறுநாள் மாலை 6 மணி முதல் 144 தடை உத்தரவு என்று அறிவித்தார். 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் என்றார். மத்திய அரசின் உத்தரவு 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்தது. 25-ஆம் தேதி முதல் அமல்.

ஆக, சட்டப்படி தமிழ்நாட்டுக்கு 24 மாலை 6 மணிதான். மகள் வென்றார். இந்தியாவுக்கு 25. இணையம் சொல்வதும் பொய்யில்லை. அப்பா சொல்லும் 22 வெறும் ஒத்திகை என்று ஒதுக்கிவிடலாமா? அங்கேதான் எனக்குத் தயக்கம். ரயில் நின்ற நாள் அது. எழும்பூர், சென்ட்ரல் இரண்டும் ஓய்ந்த பிறகு, 24 மாலை வரை காத்திருந்து வந்த உத்தரவு மிச்சத்தைத்தான் மூடியது.

ஆனால் இந்தத் தேதிகள் எல்லாம் காகிதத்தில் இருப்பவை. நோய்க்குக் காகிதம் தெரியாது. மனிதர்கள் ஒருவரை ஒருவர் நெருங்குவது எப்போது குறைந்தது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒரே ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தேதி. தரமணியில் கணினி வேலை பார்த்தவர்களில் பலருக்கு மார்ச் நடுவிலேயே மடிக்கணினியோடு வீடு. திரையரங்கில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவருக்கு 17-ஆம் தேதியே சம்பளம் நின்றது. பஸ் நடத்துநருக்கு 24. பிளஸ் டூ மாணவர்களோ 24-ஆம் தேதி காலை பத்தரை மணிக்குக் கடைசித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வர முடியாமல் போய், அவர்களுக்குப் பிறகு மறுதேர்வு அறிவிக்க வேண்டியிருந்தது. கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவருக்கு ஊரடங்கு மே 5 வரை தொடங்கவே இல்லை.

கோயம்பேட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மார்ச் 23 இரவு நான் அங்கே பஸ் நிலையத்தில் இருந்தேன். ஊருக்குப் போக அல்ல. தம்பியைத் திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றிவிட. பேரவையில் அறிவிப்பு வந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. தீபாவளிக்கு முந்தின இரவைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சற்றும் குறையாத கூட்டம். தீபாவளிக் கூட்டத்தில் ஒரு சிரிப்பு இருக்கும், இதில் இல்லை. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். ஒரு பெயிண்டர் தூரிகைகள் செருகிய வாளியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். முகக்கவசத்துக்குப் பதில் கைக்குட்டை கட்டியிருந்தவர்கள், கத்திப் பேசுவதற்காக அதைக் கீழே இழுத்துவிட்டுப் பேசினார்கள். தம்பி ஏறிய பஸ்ஸில் நடைபாதையிலும் ஆள் நின்றார்கள். பத்து மணி நேரப் பயணம், மூச்சோடு மூச்சு உரச. மக்கள் நெருங்கக் கூடாது என்பதற்காக ஒரு கட்டுப்பாடு அறிவிக்கப்படுகிறது; அதன் முதல் விளைவு இந்தக் கூட்டம்.

இதைத் தற்செயல் என்று விட்டிருப்பேன், ஒருமுறை நடந்திருந்தால். 2020 ஏப்ரல் 24-ஆம் தேதி ஓர் அறிவிப்பு: சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடத் திறக்காது. நடுவில் இருந்தது 25, சனிக்கிழமை. அன்று காய்கறிக் கடைகளில் திரண்ட கூட்டத்தைப் படமாகப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜூன் 15-ஆம் தேதி இன்னொரு அறிவிப்பு: சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டப் பகுதிகளிலும் 19 முதல் முழு ஊரடங்கு. நடுவில் மூன்று நாள். செங்கல்பட்டுச் சுங்கச்சாவடியில் தலையில் மெத்தை கட்டிய கார்கள் வரிசை கட்டின. 2021 மே 22 சனிக்கிழமை மறுபடியும்: திங்கள் முதல் தளர்வுகளற்ற ஊரடங்கு, ஆகவே சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரவு 9 மணி வரை எல்லாக் கடைகளும் திறக்கலாம், வெளியூர் பஸ்களும் ஓடும்.

அவகாசம் கொடுக்காமல் பூட்டினால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்தோம். பிரதமர் கொடுத்தது நான்கு மணி நேரம். கையில் காசில்லாமல் நகரங்களில் சிக்கிய வெளிமாநிலத் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் நடந்தார்கள். அவர்களுக்கான சிறப்பு ரயில்கள் மே 1-ஆம் தேதிதான் ஓடத் தொடங்கின. எனவே அவகாசமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அவகாசம் கொடுத்த நாள்களில் கடைகளை வழக்கத்தைவிட அதிக நேரம், அதிக இடங்களில் பரப்பித் திறந்து, பஸ்களை இரட்டிப்பாக்கியிருந்தால் கூட்டம் கரைந்திருக்கும். 2021-இல் ஓரளவு அதைச் செய்தார்கள். 2020-இல் செய்யவில்லை. ‘ஊரடங்கு எப்போது தொடங்கியது’ என்று யாராவது கேட்டால், அறிவிப்பு வந்த நொடி என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. விளைவு மட்டும் தலைகீழ்.

கோயம்பேடு மார்க்கெட்டின் கதை இன்னும் விசித்திரம். ஊரே அடங்கியிருந்த ஏப்ரல் முழுவதும் அது திறந்திருந்தது. திறக்காமல் முடியாது, சென்னைக்குக் காய் எங்கிருந்து வரும்? தெருவில் இரண்டு பேர் பைக்கில் போனால் போலீஸ் தோப்புக்கரணம் போடவைத்த அதே நாள்களில், விடியற்காலை மூன்று மணிக்கு லாரியிலிருந்து வெங்காய மூட்டையைத் தோளுக்குத் தோள் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 21-ஆம் தேதி தமிழ்நாடு முழுவதும் புதிய தொற்று 76. மே 6-ஆம் தேதி 771. இடையில் மார்க்கெட் வியாபாரிகள், சுமைதூக்கிகள், அங்கிருந்து அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று ஊர் திரும்பியவர்கள். மே 5-இல் மார்க்கெட் மூடப்பட்டு, ஒரு வாரத்துக்குள் திருமழிசைக்குப் போனது. பகலில் எல்லோரும் வீட்டில் இருந்த ஊரில், இரவில் ஒரே ஓர் இடத்தில் ஊரடங்கு இல்லாமல் இருந்தால் போதும், நோய் பரவிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி அடுத்த கேள்விக்கு வரலாம்: பலன் எப்போது தெரியத் தொடங்கும்?

அந்த இரண்டு ஆண்டுகளும் நான் செய்த வேலை, ‘லைன் லிஸ்ட்’ பார்ப்பது. தொற்று உறுதியான ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. வயது, பாலினம், முகவரி, யாரோடு தொடர்பு, அறிகுறி தொடங்கிய தேதி, மாதிரி எடுத்த தேதி, முடிவு வந்த தேதி. செய்திகளில் மாலையில் வாசிக்கப்பட்ட எண் இந்தக் கடைசித் தேதியைக் கூட்டி வருவது. நோய் நடந்ததோ முதல் தேதிக்கும் முன்னால்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரும் தெருவும் வேண்டாம். 2021 மே. மாநிலம் முழுவதும் 10-ஆம் தேதி முழு ஊரடங்கு தொடங்குகிறது. இந்த வீட்டு அப்பாவுக்கு 9-ஆம் தேதி காய்ச்சல். அப்படியென்றால் அவருக்குத் தொற்று ஏறியது சுமாராக 4-ஆம் தேதி. கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி காட்ட ஏறத்தாழ ஐந்து நாள். இரண்டு நாள் பாராசிட்டமாலில் ஓட்டுகிறார். 12-ஆம் தேதி மாதிரி கொடுக்கிறார், 13-ஆம் தேதி முடிவு. அன்று மாலைச் செய்தியில் அவர் ஓர் எண். அதற்குள் ஊரடங்கு வந்து வீட்டோடு எல்லோரும் அடைந்தாயிற்று. ஒரே அறை, ஒரே குளியலறை. அம்மாவுக்கு 14-இல் காய்ச்சல், 19-இல் முடிவு. மகனுக்கு 17-இல் தொண்டை வலி, 22-இல் முடிவு. பாட்டிக்கு 19-இல் இருமல், 23-இல் முடிவு. நான்கு எண்கள், நான்கு வெவ்வேறு மாலைச் செய்திகளில். ஊரடங்கு வந்து இரண்டு வாரம் ஆன பிறகும் ‘பாதிப்பு குறையவில்லையே’ என்று தொலைக்காட்சியில் புலம்பியது இந்தப் பாட்டியையும் சேர்த்துத்தான். ஆனால் அந்த வீட்டில் ஊரடங்கு தோற்கவில்லை. பாட்டியோடு சங்கிலி நின்றது. அப்பா மட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தால் அது கடைத்தெரு வரை நீண்டிருக்கும்.

இந்த ஒரு வீட்டுக் கணக்கை நகரத்துக்கு நீட்டினால் கிடைப்பது தோராயமாகப் பத்து நாள். இன்று ஒருவரும் யாரையும் தொடவில்லை என்றாலும் எண்ணிக்கை பத்து நாளுக்குப் பிறகுதான் அதைச் சொல்லும். வீட்டுக்குள் ஒரு சுற்று பரவி முடிய இன்னும் சில நாள். இறப்புக்கு மேலும் தாமதம். 2021-இல் தமிழ்நாட்டின் அன்றாடத் தொற்று உச்சம் தொட்டது மே 21-ஆம் தேதி, 36,184. ஒரே நாளில் இறப்பு 490-ஐத் தாண்டியதோ அந்த மாதக் கடைசியில். தொற்று இறங்கத் தொடங்கி ஒரு வாரத்துக்கும் மேல் ஆன பிறகு.

இதில் இன்னொரு சிக்கல், நாம் எண்ணுவது நோயாளிகளை அல்ல, பரிசோதிக்கப்பட்டவர்களை. 2020 மார்ச் 24-ஆம் தேதி தமிழ்நாட்டில் மொத்தத் தொற்று 18 என்றது கணக்கு. ஒரு வாரத்தில் 124, ஏப்ரல் 1-ஆம் தேதி 234. ஊரடங்கு போட்ட பிறகுதான் ஏறியது என்று அப்போது சிலர் கிண்டல் செய்தார்கள். டெல்லி மாநாட்டிலிருந்து திரும்பியவர்களைத் தேடித் தேடிப் பரிசோதித்ததால் வந்த ஏற்றம் அது. அதற்கு முன் தேடவே இல்லை. டார்ச் அடித்த பக்கம்தான் தெரியும். அதனால் 2020 மார்ச்சில் ஊரடங்கு எந்த நாளில் பலன் தந்தது என்று அந்த எண்களை வைத்து யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. எண்கள் அவ்வளவு சின்னவை, வெளிச்சம் அவ்வளவு குறைவு.

இந்த வாதம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. பிரிட்டனில் இதற்காகப் பேராசிரியர்களே மோதிக்கொண்டார்கள். அங்கே பிரதமர் போரிஸ் ஜான்சன் வீட்டிலிருங்கள் என்று அறிவித்தது 2020 மார்ச் 23. சட்டமாக அது அமலானது 26. மருத்துவமனை இறப்புகள் உச்சம் தொட்டது ஏப்ரல் 8. தொற்று ஏறியதிலிருந்து இறப்பு வரை சராசரியாக மூன்று வாரத்துக்கும் மேல் ஆகும் என்பதால், பின்னோக்கி எண்ணினால் தொற்றின் உச்சம் 23-ஆம் தேதிக்கு முன்னாலேயே விழுகிறது. சைமன் வுட் என்ற புள்ளியியலாளர் இதைத்தான் விரிவாகக் கணக்கிட்டு, முழு ஊரடங்குக்கு முன்பே தொற்று இறங்கத் தொடங்கியிருக்கலாம் என்று எழுதினார். மதுக்கடைகளுக்குப் போகாதீர்கள் என்று மார்ச் 16-ஆம் தேதியே சொல்லியாயிற்று, 20-ஆம் தேதி பள்ளிகள் மூடியாயிற்று, மக்கள் பயந்து தாமாகவே வீட்டில் இருந்தார்கள். இன்னொரு பக்கம் நீல் ஃபெர்குசன் என்ற தொற்றுநோயியல் பேராசிரியர், ஒரு வாரம் முன்பே பூட்டியிருந்தால் இறப்பு குறைந்தது பாதியாகியிருக்கும் என்று அந்த ஜூன் மாதம் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். இரண்டையும் எதிரெதிர்க் கட்சி என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. 23-ஆம் தேதிக்கு முந்தின வாரத்தில்தான் காரியம் இருந்தது என்பதில் இருவருக்கும் பெரிய சண்டை இல்லை.

இப்போது சித்தப்பா. அவர் சொன்னது தகவல் அளவில் சரி. 2021 மே 10-ஆம் தேதி ஊரடங்கு. சென்னையின் அன்றாடத் தொற்று மே 12-ஆம் தேதி 7,564 என்ற உச்சத்தைத் தொட்டு, 13-ஆம் தேதி ஏழாயிரத்துக்குக் கீழே வந்தது. பத்து நாள் தாமதம் என்று நான் மேலே சொன்ன கணக்குப்படி, 12-ஆம் தேதி எண்ணப்பட்டவர்களுக்குத் தொற்று ஏறியது மே 2 வாக்கில், வாக்கு எண்ணிக்கை நடந்த நாள்களில். மே 10 உத்தரவுக்கும் அந்தத் திருப்பத்துக்கும் தொடர்பே இருக்க முடியாது. இதுவரை சித்தப்பாவுக்கு முழு மதிப்பெண்.

அங்கிருந்து ‘தானாக இறங்கியது’ என்று அவர் தாவுவதில்தான் இடறுகிறார். மே 10 என்பது திடீரென்று விழுந்த பூட்டு அல்ல. சட்டப்பேரவைத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6. அதுவரை பிரசாரக் கூட்டங்களைத் தட்டிக் கேட்க ஆள் இல்லை. (இதைப் பற்றி எனக்குள்ள கோபத்தை இங்கே எழுதினால் பதில் திசைமாறிவிடும்.) வாக்குப்பதிவு முடிந்த நான்காம் நாள், ஏப்ரல் 10 முதல் முதற்கட்டக் கட்டுப்பாடுகள். 20 முதல் இரவு ஊரடங்கு. 25 முதல் ஞாயிறு முழு ஊரடங்கு. 26 முதல் திரையரங்கு, வணிக வளாகம், சலூன் மூடல். மே 6 முதல் மளிகைக் கடை நண்பகல் 12 வரை, பஸ்ஸில் பாதி இருக்கை. மே 10. பிறகு 15-ஆம் தேதி மளிகை காலை 10 மணி வரை என்று சுருங்கி, டீக்கடையும் மூடல். 17 முதல் வெளியே போக இ-பதிவு. 24 முதல் தளர்வே இல்லை. ஒன்றரை மாதத்தில் ஒன்பது படிகள். சென்னையின் திருப்பம் ஏப்ரல் கடைசிப் படிகளுக்குப் பொருந்துகிறது. கூடவே, ஆம்புலன்ஸ் வரிசைகளைப் பார்த்து மக்களுக்கு வந்த பயத்துக்கும்.

அதோடு, திருப்பம் ஒன்று, இறக்கத்தின் வேகம் வேறு. மே 12-இல் 7,564 ஆக இருந்த சென்னை, மே 27-இல் 2,779. பதினைந்து நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. திருப்பத்தில் மே 10-க்குப் பங்கில்லை என்றாலும், இந்தச் சரிவின் பின்பாதியில் அதன் கை இருக்கிறது.

‘போதுமான பேருக்கு வந்து முடிந்துவிட்டது, இனி பற்ற விறகு இல்லை, அதனால் அணைந்தது’ என்பது சித்தப்பா அடுத்து வைக்கப்போகும் வாதம். சென்னையைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. 2021 ஜூன், ஜூலையில் மாநிலம் முழுவதும் எடுத்த ரத்தப் பரிசோதனை ஆய்வில் 66 சதவீதம் பேருக்கு எதிர்ப்பணு இருந்தது. தடுப்பூசியால் வந்ததும் அதில் சேர்த்தி. சென்னையில் அது 82 சதவீதம். விறகு தீர்ந்தது என்று சொல்ல இடமுண்டு.

ஆனால் அதே ஆய்வில் கோவை மாவட்டம் 43 சதவீதம். விறகு பாதிக்கு மேல் மிச்சம். தீ எரிந்துகொண்டேதான் இருந்திருக்க வேண்டும். கோவையின் எண்களைப் பாருங்கள்: சென்னை இறங்கிக்கொண்டிருந்தபோது அது ஏறிக்கொண்டே வந்து, மே கடைசி வாரத்தில் சென்னையையே முந்தி, 27-ஆம் தேதி 4,734-இல் உச்சம் தொட்டு இறங்கியது. பத்து நாள் பின்னால் போங்கள்: மே 17. முழு ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம், டீக்கடை மூடி இரண்டு நாள். லைன் லிஸ்ட்டில் பார்த்த அந்த வீட்டைப் போல, வெளியே பரவுவது நின்று வீட்டுக்குள் ஒரு சுற்று முடிய ஆகும் காலம். தொடர்ந்து இயங்க வேண்டிய ஆலைகளுக்கு விலக்கு இருந்ததையும் கூட்டிக்கொண்டால், சென்னையைவிட அங்கே ஏன் மெதுவாக இறங்கியது என்பதும் புரிகிறது. எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் மே 24 தளர்வற்ற ஊரடங்குக்கு இந்தத் திருப்பத்தில் பங்கில்லை. மூன்று நாள்தான் இடைவெளி. சித்தப்பா சென்னைக்குப் போட்ட அதே கணக்கு.

இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமென்றால் 2020 ஜூன். சென்னையில் முழு ஊரடங்கு 19-ஆம் தேதி. அன்றாடத் தொற்றின் உச்சம் 30-ஆம் தேதி, 2,393. பதினோரு நாள். ஜூலை நடுவில் 1,300-க்குக் கீழே. விறகு தீர்ந்தது என்று அப்போது சொல்ல வழியே இல்லை: அந்த ஜூலையில் மாநகராட்சி எடுத்த ஆய்வில் எதிர்ப்பணு இருந்தவர்கள் 21.5 சதவீதம் மட்டும், ஐந்தில் ஒருவர். தெருத்தெருவாக நடந்த காய்ச்சல் முகாம்களுக்கும் அதில் பங்கு உண்டு. எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. செங்கல்பட்டைக் கடந்துபோன அந்த மெத்தை கட்டிய கார்களையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். சென்னை இறங்கிய அதே ஜூலையில் தென்மாவட்டங்கள் ஏறின.

அப்பாவுக்கும் மகளுக்கும்: காகிதத் தேதி வேண்டுமென்றால் 24 மாலை 6. ஊர் அடங்கிய தேதி வேண்டுமென்றால் நான் அப்பா பக்கம் சாய்வேன், ரயில் நின்ற 22. சித்தப்பாவிடம் சென்னையை விட்டுக்கொடுத்துவிட்டு, கோவையின் 43-ஐ மட்டும் எடுத்து வையுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கும் சொல்லுங்கள்.